மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வாரச் செய்திகள்: சேகரிப்பது, சரிபார்ப்பது, எழுதுவது எப்படி

மருத்துவம், செவிலியம், மருந்தியல், பல் மருத்துவம், பிசியோதெரபி, பொதுச் சுகாதாரம் எல்லாம் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகத்தில் 'இந்த வாரச் செய்திகளும் சாதனைகளும்' என்று வாராவாரம் ஒரு தொகுப்பு போடும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறதா? நீங்கள் மக்கள் தொடர்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம், 'நீங்கள்தான் நன்றாக எழுதுவீர்களே' என்று டீன் கைகாட்டிய விரிவுரையாளராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் முழு மனதோடு எடுத்துச் செய்யுங்கள். மற்ற கல்லூரிகளில் மாணவர்கள் செய்த ஒரு கருவியைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் பெரிதாக யாருக்கும் பாதிப்பில்லை. மருத்துவப் பல்கலைக்கழகம் 'நம் ஆய்வகத்தில் உருவான மருந்து புற்றுநோயைக் குணமாக்குகிறது' என்று எழுதினால், அதை ஒரு நோயாளியின் மகள் படிப்பாள், நாலு பேருக்கு அனுப்புவாள், மறுநாள் காலையில் புறநோயாளிப் பிரிவில் வந்து நின்று அந்த மருந்தைக் கேட்பாள். எலிக்குக் கொடுத்த மருந்து அது என்று அங்கே இருக்கும் டாக்டர்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு மருத்துவ வரிதான், உள்வட்டத்துக்கு மட்டும் என்று நினைத்து எழுதினாலும்.

செய்தி தானாக வந்து சேராது

முதல் சில வாரங்களிலேயே ஒன்று தெரிந்துவிடும். எப்போதும் அனுப்புகிற துறைகள் அனுப்பிக்கொண்டே இருக்கும், மற்றவர்களிடமிருந்து ஒரு வரி வராது. வருவதை மட்டும் போட்டால் தொகுப்பு அந்த நாலைந்து துறைகளின் ஆல்பமாகிவிடும். அதனால் சேகரிப்பதற்கு மூன்று வழிகளையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, படிவம். கூகுள் ஃபார்ம் போதும், ஆனால் கேள்விகள் குறைவாக இருக்கட்டும்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், யார் யார் சம்பந்தப்பட்டவர்கள், யார் கொடுத்தது அல்லது எங்கே வெளியானது, அதற்கு ஆதாரம் என்ன. 'குழுவில் வேறு யார் இருந்தார்கள்' என்ற கேள்வியைத் தனியாகவே வையுங்கள், கட்டாயமாக நிரப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் துறைத் தலைவர் பெயர் மட்டும் வரும். ராத்திரி பகலாக மாதிரிகளைச் சோதித்த ஆராய்ச்சி மாணவியின் பெயர் வராது. கடைசி நேரம் புதன் மாலை என்று வைத்தால் வியாழக்கிழமை சரிபார்க்கலாம், வெள்ளிக்கிழமை வெளியிடலாம். நேரத்தைத் தாண்டி வருவது அடுத்த வாரத்துக்கு. இதில் யாருக்கும் விலக்கு தராதீர்கள், அப்போதுதான் எல்லோரும் மதிப்பார்கள்.

இரண்டாவது, நீங்களே தேடிப் பிடிப்பது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு இது மிகவும் உதவும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை ஆசிரியர்களின் நிறுவன முகவரிப் புலத்தில் தேடி, அந்தத் தேடலை அதே தளத்தின் மை என்சிபிஐ கணக்கில் சேமித்து வைத்தால், புதிதாக வந்தவை வாராவாரம் மின்னஞ்சலில் தானாக வரும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளங்கள் இரண்டிலும் இதே போன்ற வசதி உண்டு, நூலகரிடம் கேட்டால் அமைத்துத் தருவார். ஒரு எச்சரிக்கை: உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள், சிலர் மருத்துவமனையின் பெயரை மட்டும், சிலர் சுருக்கெழுத்தை மட்டும், சிலர் பழைய பெயரை. அத்தனையையும் தேடலில் சேர்த்துவிடுங்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் யார் நம்மவர் என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் தங்களுக்கென்று பதிவு செய்துகொள்ளும் 16 இலக்க ஆர்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் துறைக்கு ஒரு போன் போடுவதுதான் வழி. பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒருவரின் கட்டுரையை இன்னொருவர் கணக்கில் போட்டுவிட்டால் இருவருக்குமே சங்கடம்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: நடந்து போய்க் கேட்பது. தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்கள், ரத்த வங்கியின் டெக்னீஷியன்கள், கிருமி நீக்க அறையில் உபகரணங்களைச் சுத்திகரித்துத் தருகிறவர்கள், மருந்தகத்தில் இருப்பவர்கள், மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் இருப்பவர்கள் யாரும் படிவத்தை நிரப்ப மாட்டார்கள், ஏனென்றால் தாங்கள் செய்வது 'சாதனை' என்று அவர்களுக்குத் தோன்றாது. அவர்களிடம் போய் 'ஏதாவது சாதனை இருக்கா?' என்று கேட்டால் சிரித்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்பார்கள். 'இந்த மாதம் உங்கள் பிரிவில் எது முன்பைவிடச் சுலபமாகியிருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். அப்போது வரும்: வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிகளுக்கு வாய் சுத்தம் செய்வதற்கு நாங்களே ஒரு நேர அட்டவணை போட்டோம், ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு மருந்துகளை வேறு வேறு அலமாரிக்கு மாற்றினோம், ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறித்துவைக்க ஆரம்பித்தோம் என்று. ஒரு மருத்துவமனை உண்மையில் முன்னேறுவது இங்கெல்லாம்தான், அதனால் இவை தொகுப்பின் மேலே வர வேண்டிய செய்திகள் என்பது என் உறுதியான எண்ணம். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த கணக்கு இருந்தால் அதையும் சேருங்கள். கணக்கு இல்லையென்றால் 'குறைந்தது' என்று எழுதாமல் 'இப்படி மாற்றியிருக்கிறார்கள்' என்று மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் நாள்காட்டி. உலக சுகாதார தினம் ஏப்ரல் 7 என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. மார்ச் 24 காசநோய் தினம், ஏப்ரல் 15 மருத்துவ ஆய்வகத் துறையினரின் தினம், மே 12 செவிலியர் தினம், செப்டம்பர் 8 பிசியோதெரபி தினம், செப்டம்பர் 25 மருந்தாளுநர் தினம், நவம்பர் 8 ரேடியோகிராஃபி தினம் ஆகியவற்றை முன்கூட்டியே குறித்து வைத்து, இரண்டு வாரம் முன்னாடியே அந்தத் துறையிடம் பேசுங்கள். கேக் வெட்டிய படத்தைவிட, அந்தத் துறையில் ஒருவர் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்று ஒரு பத்தி போட்டால் மற்றக் கல்லூரி மாணவர்கள் ஆர்வமாகப் படிப்பார்கள்.

விருது என்றாலே உடனே போட்டுவிடாதீர்கள்

விருதுச் செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கொடுத்தது யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், வாங்கியவர் அதற்குப் பணம் கட்டினாரா. மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்கவே வேண்டாம், 'இது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்' என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். கட்டணம் கட்டினால் 'சிறந்த விஞ்ஞானி', 'சிறந்த மருத்துவர்' பட்டம் தரும் அமைப்புகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் தன் பெயரில் வெளியிட்டால், பக்கத்திலேயே இருக்கும் உண்மையான விருதின் மதிப்பும் சேர்ந்து குறைகிறது.

அடிக்கடி தவறாகப் போடப்படும் ஒரு செய்தி உண்டு. 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம் பேராசிரியர்; ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவித்தது' என்று வரும். அது கௌரவமோ விருதோ இல்லை. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸும் அவருடன் பணியாற்றுகிறவர்களும் ஸ்கோபஸ் தரவை வைத்து, ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை அடிப்படையில் உருவாக்கும் தரவுத்தொகுப்பு அது. அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு: ஒன்று வாழ்நாள் முழுதும் செய்த பணிக்கு, இன்னொன்று ஒரே ஒரு ஆண்டுக்கு. போட வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பட்டியல், எந்த ஆண்டு, எந்தத் துறை என்று சொல்லி, 'மேற்கோள் அடிப்படையிலான தரவுத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளார்' என்று எழுதினால் அதுவே போதுமான பெருமை.

காப்புரிமையிலும் இதே குழப்பம். விண்ணப்பித்தது ஒன்று, விண்ணப்பம் அலுவலகத்தால் வெளியிடப்பட்டது இன்னொன்று, காப்புரிமை வழங்கப்பட்டது மூன்றாவது. முதல் இரண்டையும் 'காப்புரிமை பெற்றார்' என்று எழுதுவது தவறு, இடையில் பல ஆண்டுகள்கூட ஆகலாம். ஆராய்ச்சி நிதி வந்தால், மொத்தத் தொகை எத்தனை ஆண்டுக்கு, அதில் நம் பல்கலைக்கழகத்தின் பங்கு எவ்வளவு, நம்மவர் முதன்மை ஆய்வாளரா இணை ஆய்வாளரா என்று நிதிப் பிரிவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பல நிறுவனங்கள் சேர்ந்த திட்டத்தின் முழுத் தொகையையும் நாமே வாங்கியது போல எழுதினால், மற்ற நிறுவனங்களில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆய்வுச் செய்தி எழுதுவதுதான் கடினமான பகுதி

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு ஆய்வை மட்டும் எடுத்து ஒழுங்காக எழுதிவிட்டு, மீதியைத் தலைப்பும் இணைப்புமாகக் கீழே வரிசையாகப் போட்டுவிடலாம். அது போதும்.

ஊடகங்கள்தான் மருத்துவச் செய்தியை ஊதிவிடுகின்றன என்று பல்கலைக்கழகங்களில் நாம் எல்லோரும் குறை சொல்கிறோம். 2014இல் பிஎம்ஜே ஆய்விதழில் வந்த ஒரு ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட, உடல்நலம் தொடர்பான 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, அவற்றை மூல ஆய்வுக் கட்டுரைகளோடும் பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். செய்திக்குறிப்புகளில் 40 சதவீதம் வாசகருக்கான அறிவுரையை மிகைப்படுத்தியிருந்தன, 33 சதவீதம் காரண-விளைவு உறவை மிகைப்படுத்தியிருந்தன, விலங்கு ஆய்வுகள் தொடர்பானவற்றில் 36 சதவீதம் அதை மனிதர்களுக்குப் பொருத்திக் கூட்டியிருந்தன. செய்திக்குறிப்பு மிகைப்படுத்தியிருந்தபோது பத்திரிகைகளும் பெரும்பாலும் மிகைப்படுத்தின. செய்திக்குறிப்பு அடக்கமாக இருந்தபோது பத்திரிகைகளில் மிகை வெகுவாகக் குறைந்திருந்தது. இன்னொன்று, மிகைப்படுத்திய செய்திக்குறிப்புக்கு ஊடகங்களில் கூடுதல் இடம் கிடைத்ததற்கான தெளிவான சான்று அதில் இல்லை. ஆகவே 'கொஞ்சம் ஏற்றிச் சொன்னால்தான் படிப்பார்கள்' என்று யாராவது வற்புறுத்தினால் இந்த ஆய்வைக் காட்டுங்கள். மிகையின் ஊற்றுக்கண் பல இடங்களில் உங்கள் மேசைதான் என்பதை நீங்களும் மறக்க வேண்டாம்.

நடைமுறையில் என்ன செய்வது? கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படிக்காமல், செய்முறைப் பகுதியையும் வரம்புகளைச் சொல்லும் பத்தியையும் படியுங்கள். புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு ஆய்வாளரிடமே கேளுங்கள், அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் நான்கு விஷயங்கள் உங்களுக்குத் தெளிவாக வேண்டும்: இது சக ஆய்வாளர்களால் மதிப்பாய்வு செய்யப்பட்டதா, எந்த வகை ஆய்வு, யாரிடம் அல்லது எதனிடம் செய்தார்கள், எத்தனை பேர். பிரிட்டனின் அகாடமி ஆஃப் மெடிக்கல் சயின்சஸ் இதில் முதல் மூன்றையும் செய்திக்குறிப்பின் உச்சியிலேயே லேபிள் போல ஒட்டச் சொல்லும் ஒரு முறையைக் கொண்டுவந்திருக்கிறது. 'மதிப்பாய்வு செய்யப்பட்டது / கவனிப்பு ஆய்வு / மனிதர்கள்' என்று மூன்றே சொற்கட்டு. (கவனிப்பு ஆய்வு என்றால், ஆய்வாளர் எதையும் மாற்றாமல் நடப்பதைக் கவனித்துப் பதிவது.) உங்கள் தொகுப்பிலும் ஒவ்வொரு ஆய்வுச் செய்திக்கு மேலும் அப்படி ஒரு வரி போட்டுப் பாருங்கள், வாசகருக்கு அவ்வளவு உதவி. எலியிடம் செய்த ஆய்வு என்றால் 'எலி' என்ற சொல் தலைப்பிலேயே வர வேண்டும், கடைசிப் பத்தியில் அல்ல. செல் வளர்ப்பில் செய்தது என்றாலும் அப்படியே.

ப்ரீபிரிண்டாக, அதாவது மதிப்பாய்வு முடியும் முன்பே இணையத்தில் போட்ட வடிவமாக, மட்டும் வந்திருப்பவற்றில் கூடுதல் கவனம் தேவை. 2019இல் தொடங்கிய மெட்ஆர்கைவ் போன்ற தளங்களில் வரும் கட்டுரைகள் இன்னும் மதிப்பாய்வு முடியாதவை, அவற்றை வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கக் கூடாது என்று அந்தத் தளமே எச்சரிக்கிறது. என்னைக் கேட்டால் மதிப்பாய்வு முடியும்வரை காத்திருப்பதே நல்லது. அவசரமாகப் போட வேண்டிய பொதுச் சுகாதாரக் காரணம் இருந்தால் மட்டும், முதல் வரியிலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள்.

'தொடர்பு' வேறு, 'காரணம்' வேறு. கவனிப்பு ஆய்வில், இதைச் செய்தவர்களிடம் அது குறைவாகக் காணப்பட்டது என்று மட்டும்தான் சொல்ல முடியும். 'குறைக்கிறது', 'தடுக்கிறது', 'காக்கிறது' போன்ற வினைச்சொற்களைக் கண்டால் நின்று, குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வினையை மாற்றிவிடுங்கள்.

சதவீதங்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான எண்ணை வைத்துக்கொண்டே மக்களைப் பயமுறுத்த முடியும். 1995இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஏற்படும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. 'இரண்டு மடங்கு' என்பது ஊடகங்களில் பரவியது, ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் 7,000 பேரில் ஒருவருக்கு இருந்த அபாயம் 7,000 பேரில் இருவருக்கு என்று ஆகியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டார்கள். கருவுறுதலே ரத்தக்கட்டு அபாயத்தை அந்த மாத்திரையைவிட அதிகமாகக் கூட்டும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஆகவே 'பாதியாகக் குறைந்தது', '50 சதவீதம் அதிகம்' என்று வந்தால் எதில் பாதி, எத்தனை பேரில் எத்தனை பேர் என்று ஆய்வாளரிடம் கேட்டு, அந்த இரண்டு எண்களையும் எழுதுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அந்தச் சதவீதத்தையே போடாதீர்கள்.

ஒரு கற்பனை உதாரணம். உங்களுக்கு வந்த வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'இசை கேட்டால் அறுவை சிகிச்சைப் பயம் போய்விடும் – நம் செவிலியர் கல்லூரியின் சாதனைக் கண்டுபிடிப்பு'. கட்டுரையைப் படித்து, பேசிவிட்டு, இப்படி மாற்றலாம்: 'அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 60 பேரில், அரை மணி நேரம் இசை கேட்டவர்களின் பதற்ற மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது என்று நம் செவிலியர் கல்லூரி ஆய்வு காட்டுகிறது. ஒரே மருத்துவமனையில் செய்த சிறிய ஆய்வு இது. பெரிய அளவில் செய்து பார்க்கக் குழு திட்டமிட்டிருக்கிறது.' இரண்டாவது வடிவத்தில் பளபளப்பு குறைவுதான், ஆனால் அதைப் படிக்கும் இன்னொரு செவிலியர் தன் வார்டில் முயன்று பார்க்கலாமா என்று யோசிக்கத் தேவையான அத்தனையும் அதில் இருக்கிறது.

எழுதி முடித்ததும் ஆய்வாளரிடம் காட்டுங்கள், உண்மைப் பிழையைத் திருத்த மட்டும். பெருமையைக் கூட்டச் சொல்லிக் கேட்டால் கட்டுரையில் அது எந்த வரியில் இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். நிதி எங்கிருந்து வந்தது, ஏதாவது மருந்து நிறுவனத்தோடு தொடர்பு உண்டா என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். அது கட்டுரையின் கடைசியில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும், புதிதாக எதையும் வெளிப்படுத்திவிடவில்லை. பெரிய ஆய்விதழ்களில் வரப்போகும் கட்டுரை என்றால் எம்பார்கோ நேரத்தை, அதாவது எந்த நேரம்வரை வெளியிடக் கூடாது என்பதைத் தவறாமல் கேளுங்கள், நேர மண்டலத்தோடு சேர்த்து. அந்த நேரத்துக்கு முன்னால் உங்கள் தொகுப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ கசிந்தால், ஆய்வாளருக்கும் ஆய்விதழுக்கும் இடையே பிரச்சினையாகிவிடும்.

அறுவை சிகிச்சைச் செய்திகளும் நோயாளிகளும்

'அரிய அறுவை சிகிச்சை வெற்றி' என்று வரும் செய்திக்கு நான் வைக்கும் முதல் கேள்வி, நோயாளி வீட்டுக்குப் போய்விட்டாரா என்பது. அறுவை முடிந்த அன்றே 'வெற்றி' என்று எழுதுவது மருத்துவமாகவும் சரியில்லை, அந்தக் குடும்பத்துக்கும் நியாயமில்லை. தொற்று, பொருத்திய உறுப்பை உடல் நிராகரிப்பது, ரத்தக்கசிவு எல்லாம் அதற்குப் பிறகும் வரலாம்.

உலகிலேயே பெரிதும் மதிக்கப்படும் மருத்துவப் பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் நடந்ததை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2011இல் அங்கே பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், நோயாளியின் ஸ்டெம் செல்கள் ஏற்றிய செயற்கை மூச்சுக்குழாயைப் பொருத்தினார். அது உலகம் முழுக்கப் பெரிய சாதனையாகப் பேசப்பட்டது, அதே ஆண்டு லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் கட்டுரையும் வந்தது. கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை பெற்ற மூவரும் பிறகு இறந்துபோனார்கள். 2018இல் கரோலின்ஸ்கா நிறுவனமே ஆய்வு முறைகேடு நடந்ததாக அறிவித்தது, லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, 2023இல் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இத்தனைக்கும் நடுவில், 'உலகிலேயே முதல் முறை' என்ற பழைய செய்திகள் இணையத்தில் அப்படியே கிடந்தன. வாரச் செய்தி எழுதுகிறவரால் முறைகேட்டைக் கண்டுபிடிக்க முடியாது, அது நம் வேலையும் இல்லை. காத்திருக்க முடியும், 'இதுவரை' என்ற சொல்லைப் போட முடியும், பிறகு என்ன ஆனது என்று திரும்பக் கேட்க முடியும்.

'முதல் முறையாக' என்ற சொல்லை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். இந்த நகரத்தில் முதல், இந்த வயதில் முதல், இந்தக் கருவியில் முதல் என்று வளையத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் எல்லாமே முதலாகிவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் யார் எப்படித் தேடிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் தேடியிருந்தால் 'வெளியான கட்டுரைகளில் தேடிய அளவில்' என்று எழுதுங்கள்.

நோயாளியின் சம்மதம் எழுத்தில் வேண்டும், சிகிச்சைக்காகக் கையெழுத்திட்ட படிவம் இதற்குச் செல்லாது. எங்கே வெளியாகும், எவ்வளவு காலம் இருக்கும், வெளியான பிறகு இணையத்திலிருந்து முழுமையாக எடுக்க முடியாது என்பதையெல்லாம் அவர் மொழியில் சொல்லி வாங்குங்கள். சிகிச்சை செய்த டாக்டர் கேட்டால் நோயாளி மறுக்கத் தயங்குவார், அதனால் வேறொருவர் கேட்பது நல்லது. வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விடாது. ஒரு சிறிய ஊர், அபூர்வமான நோய், வயது, அனுமதித்த தேதி நான்கும் சேர்ந்தால் அக்கம்பக்கத்தாருக்கு யார் என்று தெரிந்துவிடும். நோயாளிகளின் தகவல்களைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிமுறை, அடையாளம் காட்டக்கூடியவை என்று 18 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகிறது. முழு முகப் படமும், ஆண்டைத் தவிர்த்த மற்றத் தேதி விவரங்களும், மருத்துவப் பதிவெண்ணும் அதில் அடக்கம். உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் மூலையில் பெயரும் எண்ணும் இருக்கும். ஸ்கேன் கருவிகள் சேமிக்கும் டைகாம் கோப்பாகவே வாங்கினால் படத்தில் தெரியாவிட்டாலும் கோப்புக்குள் அத்தனை விவரமும் இருக்கும்.

படம், பெயர், வரிசை

வார்டில் எடுத்த படங்களை முழுத்திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். பின்னால் வெள்ளைப் பலகையில் நோயாளிகளின் பெயர்கள், மேசையில் திறந்திருக்கும் கேஸ் ஷீட், கணினித் திரை, கையில் கட்டிய பட்டை எல்லாம் தெரியும். செயல்விளக்கப் படங்களில் முறையும் சரியாக இருக்கிறதா என்று ஒரு செவிலியரிடம் காட்டுங்கள்: கையுறை இல்லாமல் ரத்தம் எடுப்பது போன்ற படம் ஒன்று வெளியானால், கை சுகாதாரம் பற்றி நாம் போட்ட அத்தனை செய்திகளும் வீண்.

மேடையில் வரிசையாக நிற்கும் படங்களைக் குறையுங்கள். படத்தின் கீழ் இடமிருந்து வலமாக எல்லோரின் பெயரையும் எழுத முடியாது என்றால், அந்தப் படத்தில் ஆட்கள் அதிகம். பெயர்களை அவரவர் எழுதும் விதத்திலேயே எழுதுங்கள், பதவியை மனிதவளப் பிரிவின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இணைப் பேராசிரியரும் உதவிப் பேராசிரியரும் ஒன்றல்ல, அந்தப் பதவி உயர்வுக்காக அவர்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கருத்தரங்குச் செய்தியைச் சிறப்பு விருந்தினரிலிருந்து ஆரம்பிக்காமல், அங்கே என்ன பேசப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

எதை மேலே வைப்பது என்பதில் சண்டை வரும். பதவியின் வரிசையில் போட்டால் பிரச்சினை இல்லை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயாளிக்கும் மாணவருக்கும் உடனே பயன்படுவது முதலில் வரட்டும்: புதிய கிளினிக் எந்த நாளில் இயங்கும், ஆய்வில் பங்கேற்க யாரை அணுகுவது, உதவித்தொகைக்குக் கடைசி நாள் எப்போது. அடுத்து அந்த வாரத்தின் ஒரு ஆய்வு, அப்புறம் மனிதர்கள், கடைசியில் நிகழ்ச்சிகள். இந்த வரிசையை முன்கூட்டியே டீனிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால், வாராவாரம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தற்கொலை, வன்முறை, பாலியல் துன்புறுத்தல் தொடர்பான எதுவாக இருந்தாலும் தனியாக முடிவெடுக்காதீர்கள், உளவியல் துறையையும் சட்டப் பிரிவையும் கேளுங்கள். தற்கொலை பற்றி எழுதுவதற்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. முறையை விவரிக்காதிருப்பதும் உதவி எண்ணைச் சேர்ப்பதும் அதில் முக்கியமானவை.

வெளியிட்ட பிறகு

பிழை வந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிட வேண்டாம். எந்தத் தேதியில் எது திருத்தப்பட்டது என்று அதே செய்தியின் கீழே எழுதுங்கள், அடுத்த வாரத் தொகுப்பிலும் ஒரு வரி போடுங்கள்.

எல்லாச் செய்திகளையும் ஒரு எக்செல் தாளில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, துறை, பெயர்கள், ஆதாரம், கட்டுரையென்றால் அதன் டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாள எண்), சம்மதப் படிவம் எங்கே இருக்கிறது. ஆண்டறிக்கைக்கும் அங்கீகாரக் குழு வரும்போதும் எல்லோரும் உங்களிடம்தான் ஓடி வருவார்கள். துறை வாரியாக வடிகட்டிப் பார்த்தால் யார் பெயர் பல மாதங்களாக வரவே இல்லை என்பதும் தெரியும், அடுத்த வாரம் நடந்து போய்க் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

அந்தத் தாளில் கடைசியாக ஒரு நெடுவரிசையை 'திரும்பக் கேட்க வேண்டியது' என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சிகிச்சை பெற்றவர் எப்படி இருக்கிறார், புதிய கிளினிக் இன்னும் இயங்குகிறதா, நிதி வாங்கிய திட்டத்தில் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்களா என்று தேதி போட்டுக் குறித்து வைத்துக் கேளுங்கள். கட்டுரைகளுக்கு, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் வருடத்துக்கு ஒருமுறையாவது டிஓஐ எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதை 2023இல் டிஓஐ எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது, கட்டணம் இல்லை. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது இருந்தால் பழைய செய்தியை நீக்காமல், அதன் தலைப்புக்கு மேலேயே அந்தத் தகவலைச் சேர்த்து, ஆய்விதழின் அறிவிப்புக்கு இணைப்பும் கொடுத்துவிடுங்கள்.